மறு: ‘டீஅக்சஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெருந்தொற்றுக் காலத்தில் அருங்காட்சியகங்களின் நிதியும் ஆட்சியும் எப்படி நடந்தன என்ற அறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். அருங்காட்சியகம் ஒரு பொருளைத் தன் தொகுப்பிலிருந்து விலக்குவதைக் குறிக்கும் ‘டீஅக்சஷன்’ (deaccession) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி. சில பரிந்துரைகளை ஏற்க முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> விற்கிறார்கள். ‘கலைப்பொருள் விற்பனை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே?

அப்படி எழுதினால் அறிக்கையின் பாதி வாக்கியங்கள் பொய்யாகிவிடும். ஒரு கிண்ணம் அருங்காட்சியகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்த்து, அடியில் கண்ணில் படாத இடத்தில் தெளிவான பூச்சு ஒன்றைத் தடவிக் காயவிடுகிறார்கள். அதன்மேல் பொடி எழுத்தில் எண் எழுதுகிறார்கள்: பெரும்பாலும் வந்த ஆண்டு, ஒரு புள்ளி, அந்த ஆண்டின் வரிசை எண். அதே எண் பதிவேட்டிலும் ஏறுகிறது. அன்றுமுதல் கிண்ணம் தொகுப்பின் உறுப்பு. பிற்காலத்தில் ஆட்சிக் குழு கூடி, இது இனி நம் தொகுப்பில் இல்லை என்று முடிவெடுத்துப் பதிவேட்டில் குறிப்பதுதான் டீஅக்சஷன். பழைய வரியை அழிப்பதில்லை. நாளும் காரணமும் அதே வரியில் சேரும். அந்த எண்ணை வேறு பொருளுக்குத் தருவதும் இல்லை. அதற்குப் பிறகு கிண்ணம் இன்னோர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், உரியவரிடம் திரும்பலாம், ஏலத்துக்கும் போகலாம். விற்பனை அந்த வழிகளில் ஒன்று.

இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தின் ஆட்சிக் குழு ஆண்டி வார்ஹோல், பிரைஸ் மார்டன், கிளிஃபர்ட் ஸ்டில் ஆகியோரின் மூன்று ஓவியங்களை நீக்க ஒப்புதல் தந்தது. சுமார் 6.5 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அக்டோபர் 28 அன்று, ஏலத்துக்குச் சில மணி நேரம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். நீக்க முடிவெடுத்தார்கள், விற்கவில்லை. ‘விற்பனை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

> ‘நீக்கம்’ போதும். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் அதே மாதங்களில் அருங்காட்சியகங்கள் ஊழியர்களையும் வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தன. ‘அருங்காட்சியகத்தில் 12 நீக்கங்கள்’ என்று படிப்பவர் பணிநீக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘பட்டியல் நீக்கம்’ பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. ‘பதிவு நீக்கம்’ கட்சிகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியதாகிவிட்டது. ‘கழிப்பு’ என்றால் அந்தப் பொருள் குப்பை என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதாகும். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அந்த அக்டோபரில் விற்ற ஓவியங்களில், பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் லூகாஸ் கிரானாக் வரைந்த ‘லுக்ரீஷியா’வும் ஒன்று. அதைக் கழிவு என்று எழுத எனக்குக் கை வராது.

எட்டுத்தொகையை நினைவூட்டி ஓர் அன்பர் ‘தொகைநீக்கம்’ என்றார். அழகான சொல், மனமில்லாமல்தான் மறுக்கிறேன். ‘தொகை’ என்றால் திரட்டு, பணம் இரண்டும்தான். இங்கே வழக்கே திரட்டைப் பணமாக்கலாமா என்பதுதானே! இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகர் எதைப் பற்றிக்கொள்வார்?

ஆகவே என் பரிந்துரை: உள்ளே எடுப்பது ‘தொகுப்பேற்பு’, வெளியே விடுவது ‘தொகுப்புநீக்கல்’. ‘நீக்கம்’ என்னாமல் ‘நீக்கல்’ என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ‘நீக்கம்’ என்பதில் நீங்கியதா, நீக்கினார்களா என்ற கேள்வி நழுவிப் போகலாம். ‘நீக்கல்’ ஐயமில்லாத பிறவினை. நீக்கியவர் யார், எந்தக் கூட்டத்தில், எந்த அதிகாரத்தில் என்ற கேள்விகளைச் சொல்லே கேட்டுவிடுகிறது. ஆட்சி முறை பற்றிய அறிக்கையில் அது வேண்டும்.

> பெருந்தொற்றில் விற்பனை விதிகளையே தளர்த்திவிட்டார்கள் என்று முன்பு எழுதினீர்களே, என்ன தளர்வு?

2020 மே மாத யுனெஸ்கோ கணக்குப்படி உலக அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது 85,000-க்கு மேல், மூடிக் கிடந்தன. பிரிட்டனில் அரசு ஜூலையில் கலைத்துறை முழுவதற்கும் 157 கோடி பவுண்டு உதவி அறிவித்தது. அங்கே பிரிட்டிஷ் மியூசியம் நினைத்தாலும் எளிதில் விற்க முடியாது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டியிருக்கிறது. பிரான்சில் பொதுத் தொகுப்புகள் சட்டப்படியே கைமாற்ற முடியாதவை. அமெரிக்காவில் பெரும்பாலானவை தனியார் அறநிறுவனங்கள். நன்கொடை, டிக்கெட், வைப்புநிதி இவற்றால் ஓடுபவை. அங்கே கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கத்தின் விதியே கட்டுப்பாடு. அது சட்டம் அல்ல. மீறினால் மற்ற அருங்காட்சியகங்கள் பொருள்களை இரவல் தராது, கண்காட்சியில் கூட்டுச் சேராது. ஊர்விலக்கு போன்ற அந்தத் தண்டனைக்குத்தான் அஞ்சினார்கள்.

அந்த விதியை விளக்க நம் கோயில் கல்வெட்டுகளிலேயே ஒரு சொற்றொடர் இருக்கிறது: சாவா மூவாப் பேராடு. கோயிலில் விளக்கெரிக்க 90 அல்லது 96 ஆடு விட்டால், கிழடானதையும் செத்ததையும் குட்டிகளால் ஈடுசெய்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பார்கள். நெய் மட்டுமே செலவு. சங்கத்தின் பழைய விதியும் இதுதான். கலைப்பொருளை விற்ற பணத்தில் இன்னொரு கலைப்பொருளைத்தான் வாங்கலாம். ஆட்டுக்கு ஆடு. 2020 ஏப்ரலில் சங்கம் இதைத் தளர்த்தியது: 2022 ஏப்ரல் 10 வரை விற்ற பணத்தைத் தொகுப்பின் நேரடிப் பராமரிப்புக்குச் செலவிட்டால் தண்டிக்க மாட்டோம். ஆட்டை விற்று மேய்ப்பவர் கூலியைக் கொடுக்கலாம் என்றானது. 2022 செப்டம்பரில், எந்தச் செலவு அடங்கும் என்பதை இறுக்கி, அதை நிரந்தர விதியாக்கினார்கள்.

தளர்வு தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். பூட்டிய கட்டடத்திலும் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க மின்சாரமும் ஆளும் வேண்டும். ஆனால் நிரந்தரமாக்கியது பிழை. நெருக்கடிக்குத் திறந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள்.

இங்கிருந்து இன்னும் இரண்டு சொற்கள். அந்தத் தளர்வில் வரும் ‘டைரக்ட் கேர்’ என்பதற்கு ‘நேரடிப் பேணல்’. ‘நேரடி’யை விட்டுவிடாதீர்கள், சண்டை முழுவதும் அதற்குள்தான். ஓவியத்தைச் செப்பனிடுபவர் ஊதியம் நேரடியா? கூரை ஒழுக்கு? காவலர் சம்பளம்? எது அடங்கும் என்று ஒவ்வோர் அருங்காட்சியகமும் தானே கொள்கை எழுதி, ஆட்சிக் குழுவின் ஒப்புதல் பெற்று வெளியிட வேண்டும் என்றது சங்கத்தின் 2020 தீர்மானம். ‘எண்டோமென்ட்’ என்பதற்கு ‘மூவாமுதல்’. ‘அறக்கட்டளை’ அமைப்புக்கும் நிதிக்கும் பொதுவாகிக் குழப்புகிறது. மூவாமுதல் என்றால் முதல் மூப்படையாது, பலனை மட்டும் எடுக்கலாம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

தொகுப்புநீக்கல்: ஒரு பொருளைத் தன் நிலையான தொகுப்பிலிருந்து விலக்க அருங்காட்சியகத்தின் ஆட்சிக் குழு எடுத்துப் பதிவேட்டில் குறிக்கும் முடிவு. விற்பனை, கொடை, பரிமாற்றம், திருப்பியளித்தல் ஆகியவை இதைத் தொடரலாம்.

ஒரே ஐயம் பாக்கி. வினையாக்கும்போது ‘தொகுப்புநீக்கினார்கள்’ காதில் இடறுகிறது. ‘தொகுப்பிலிருந்து நீக்கினார்கள்’ என்று பிரித்தே எழுதி, பெயர்ச்சொல்லை மட்டும் சேர்த்து எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மூன்றாம் இயலை அச்சுக்குத் தர வேண்டும்.

அன்புடன்