உடம்புக் கொழுப்பால் மறக்க முடியாத அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பவானிக்கரை:
அம்மாவுக்குப் பதினோரு வருஷமாக இன்சுலின். தொப்புளுக்கு வலப்பக்கம், தினமும் அதே இடம்தான். அங்கேதான் வலிக்காது என்பார். போன தையில் காய்ச்சலாகக் கிடந்தவருக்குச் சேலை கட்டிவிடும்போது கையில் தட்டுப்பட்டது, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, கொழுப்புதான். ஒரே இடத்துல குத்திக்கிட்டே இருந்தா இன்சுலின் அங்க இருக்கிற கொழுப்புத் திசுவைப் பெருக்கிடும்" என்றார். அந்தக் கட்டிக்குள் போன மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேராதாம். அதனால்தான் சர்க்கரை ஒருநாள் 300, மறுநாள் 70. நானோ திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறார் என்று ஒரு வருஷம் அவரைத் திட்டினேன். பலகார டப்பாவைப் பூட்டி வைத்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

நிலா அம்மா:
மகள் 31 வாரத்தில் பிறந்தாள், 1.4 கிலோ. கன்னம் என்று ஒன்றே இல்லை, தோலுக்கடியில் நரம்பு நீலமாக ஓடியது. கடைசி இரண்டு மாதத்தில்தான் பிள்ளைக்குக் கொழுப்புப் பிடிக்குமாம், அதற்குள் வந்துவிட்டாள். பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள வராது. தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பழுப்புக் கொழுப்பு எரிந்துதான் உடம்பு சூடாகும். இவளுக்கு அதுவும் போதவில்லை. நர்ஸக்கா அவளை என் நெஞ்சோடு வைத்துத் துணியால் கட்டிவிட்டார். ஐஸ் மாதிரி இருந்த அந்தப் பாதம் என் வயிற்றில் பட்டது இன்னும் அப்படியே இருக்கிறது.

தெற்குத்தெரு:
நிலா அம்மா, குழந்தைக்குக் கொழுப்பு தேவைதான், மறுக்கவில்லை. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். என் எடை 58 கிலோ. பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் "ஈரலில் கொழுப்பு, கிரேடு 2" என்றார்கள். ஸ்கேன் எடுத்தவர் என் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தார். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்புதான்.

பழைய மருந்துக்கடை:
தெற்குத்தெரு தம்பி, அதில் பாதிதான் சரி. பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ஈரலில் கொழுப்பு கொட்டும், சர்க்கரையும் கடுமையாக வரும். தோலுக்கடியில் வைக்க இடம் இல்லாவிட்டால் அது ஈரலுக்குத்தானே போகும்? கொழுப்புத் திசு வெறும் மூட்டை இல்லை. "போதும், சாப்பிட்டது" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் அதிலிருந்துதான் சுரக்கிறது, 1994இல் கண்டுபிடித்தார்கள். எடையை விடுங்கள், இடுப்பை அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது.

பவானிக்கரை, உங்களுக்கு முக்கியமாக ஒன்று. நல்ல இடத்தில் குத்த ஆரம்பித்தால் மருந்து முழுசாக ஏறும், பழைய அளவையே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அளவைக் குறைக்கணுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு தடவையும் புது ஊசி. என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் ஒரே ஊசியை மாதம் முழுக்க வைத்திருந்தார். காசில்லை என்றார். கேட்டதும் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

பவானிக்கரை:
ஐயா, நன்றி. டாக்டர் 4 யூனிட் குறைத்திருக்கிறார். எந்த நாள் எந்த இடம் என்று காலண்டரில் குறித்து வைக்கிறேன். டப்பாப் பூட்டை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.