கலகலப்பான கூட்டத்தின் நடுவே “இது கனவா?” என்று கேட்டுப் பார்த்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

விழித்திரை

கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்திருப்பதுதான் லூசிட் டிரீமிங். அதைப் பழகுகிறவர்களிடம் பேசினால் தனி அறை, அமைதி, மூச்சுப் பயிற்சி என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். எனக்குக் கைகூடிய இடம் வேறு. ஆள் நிறைந்த அறை, பாட்டுச் சத்தம், ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே புகுவது, அந்த மாதிரி இடம். இதே வழியில் போனவர்கள் இன்னும் இருப்பீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

இந்த யோசனை கனவுக் குறிப்பேட்டிலிருந்து வந்தது. எழுதி வைத்ததைப் புரட்டினால், நான் தனியாக இருக்கும் கனவு அபூர்வம். எங்கே பார்த்தாலும் ஆட்கள். பள்ளிக்கூடத்துத் தோழனும் இப்போதைய மேலாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படாது. அப்படியென்றால் ரியாலிட்டி செக்கையும் (இது கனவா, நிஜமா என்று சோதித்துப் பார்ப்பதை) ஆட்களுக்கு நடுவில்தானே பழக வேண்டும்? எந்தச் சூழலில் பழகுகிறோமோ, அதே மாதிரிச் சூழல் வரும்போதுதான் பழக்கம் தானாக எழும்.

இன்னொரு காரணமும் உண்டு. கனவுகள் அதிகம் வரும் கட்டமான ரெம் உறக்கத்தில் மூளையின் முன்பகுதியில், யோசித்துச் சரிபார்க்க உதவும் இடங்களின் வேலை குறைந்துவிடுகிறது. அதனால்தான் கனவில் வரும் விநோதம் எதுவும் நமக்கு உறைப்பதில்லை. விழித்திருக்கும்போதும், கூட்டம் களைகட்டிவிட்டால் நம் கவனம் கிட்டத்தட்ட அந்த நிலைக்குப் போகிறது. சிரிக்கிறோம், பதில் சொல்கிறோம், யாரோ கையைப் பிடித்து இழுக்க அடுத்த அறைக்குப் போகிறோம். ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியாது. அந்த இடத்தில் ஒரு விநாடி சுதாரித்துக்கொள்ள முடிந்தால், கனவிலும் முடியும் என்று எனக்குப் பட்டது.

நான் எடுத்துக்கொண்ட அடையாளம், என் பெயர். யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுதான் மணி. சத்தமான விருந்தில் ஒரே குரலை மட்டும் நம்மால் எப்படிப் பிரித்துக் கேட்க முடிகிறது என்பதை காலின் செர்ரி 1953-இல் ஆராய்ந்தார். அதைத் தொடர்ந்து 1959-இல் நெவில் மோரே செய்த சோதனையில், ஒரு காதில் வரும் பேச்சையே கவனிக்கச் சொல்லியிருந்தும், மறு காதில் தங்கள் பெயர் வந்ததை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிடித்துவிட்டார்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் உள்ளே நுழையக்கூடிய சொல் நம் பெயர். அதைவிட நல்ல மணி எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிக் கொண்டாட்டத்தில் முதல்முதலாக ஒழுங்காகச் செய்தேன். நாலைந்து பேர் வட்டமாக நின்றோம். ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார், கதையின் உச்சத்தில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள், பின்னாலிருந்து என் பெயர் கேட்டது. திரும்புவதற்கு முன்னால் ஒரு மூச்சு. இரண்டு பாதமும் தரையில் இருப்பதை உணர்ந்தேன். “இங்கே எப்படி வந்தேன்? மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறியது யார்?” என்று மனத்துக்குள் கேட்டேன். படியில் கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது நினைவுக்கு வந்தது. மூக்கைச் சொறிவதுபோல் இரு விரலால் மூடி, வாயையும் மூடி மூச்சிழுத்தேன். காற்று வரவில்லை. எதிரே நின்றவர் சட்டையில் இருந்த எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை. (கனவில் மூக்கை மூடினாலும் மூச்சு வரும், மறுபடி படித்தால் எழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும்.) அப்புறம்தான் கூப்பிட்டவரைப் பார்த்தேன். இவ்வளவும் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மாடி எனக்கு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாகக் கேட்டது. கதை சொன்னவர் பேசும்போது வலது தோளை லேசாகத் தூக்குவார் என்பது, அவரை இத்தனை காலம் பழகியும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“எப்படி வந்தேன்” என்ற அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூக்கை மூடுவது மட்டும் போதாது, அது சீக்கிரமே கைப்பழக்கமாகி அர்த்தம் இழந்துவிடும். பால் தோலே என்ற ஜெர்மன் உளவியலாளர் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். விழித்திருக்கிறேனா, கனவா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும். கனவுக்குப் பெரும்பாலும் முன்கதை கிடையாது. நடுவில்தான் ஆரம்பிக்கும்.

பலன் கிடைக்கச் சில வாரம் ஆனது. கனவில் ஒரு பெரிய கூடம், நிறையப் பேர், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கை தானாக மூக்குக்குப் போனது. மூக்கை இறுக்கி மூடியிருக்கிறேன், மூச்சு தாராளமாக உள்ளே வருகிறது! நெஞ்சு படபடத்தது, காட்சி மங்க ஆரம்பித்தது. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கூடம் திரும்பத் தெளிந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்டேன். (தோலே கனவு மனிதர்களிடம் இப்படிக் கணக்குக் கேட்டுப் பார்த்தவர். அவர்கள் அதில் சுமார்தான்.) அவர் என்னைக் கனிவாகப் பார்த்து, “இப்போது எதற்கு அது?” என்றார். அந்தக் கனிவு காலையில் எழுந்த பிறகும் என்னோடு இருந்தது.

சாளரம்

விழித்திரை, நீங்கள் எழுதிய அந்தத் தோள் அசைவில் நின்றுவிட்டேன். எனக்குக் கனவைவிட அதுதான் முக்கியம்.

கூட்டம் என்றால் எனக்குப் படபடப்பு. ஏதாவது அசட்டுத்தனமாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்திலேயே மாலை முழுவதும் ஓடிவிடும். அதனால் நான் எடுத்துக்கொண்ட பயிற்சி ஒன்றே ஒன்று. எதிரே இருப்பவர் பேசும்போது, என் மனம் எந்த நொடியில் கேட்பதை நிறுத்திப் பதிலைத் தயாரிக்கப் போகிறது என்று பார்ப்பது. கண்டுபிடித்ததும் அவர் முகத்துக்குத் திரும்புவது. அவ்வளவுதான்.

முகத்தை நாம் எவ்வளவு பார்க்கிறோம் என்பதற்கு ஒரு பிரபலமான சோதனை இருக்கிறது. டேனியல் சைமன்ஸும் டேனியல் லெவினும் 1998-இல் வெளியிட்டது. ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இருவர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் போவார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறிவிடுவார், வேறொருவர் நிற்பார். 15 வழிப்போக்கர்களில் ஆள் மாறியதைக் கவனித்தவர்கள் 7 பேர்தான். மற்றவர்கள் புது ஆளுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கனவில் அம்மா நடுவில் டீச்சராக மாறினாலும் பேச்சைத் தொடர்கிறோமே, அதை விழித்திருக்கும்போதே செய்கிறோம்!

இதைப் படித்த பிறகு, ஒரு பிரிவு உபசார விழாவில் என்னிடம் பேசிய ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒருவருக்குப் புருவத்தில் சின்னத் தழும்பு. இன்னொருவர் சிரிக்கும்போது கண்ணை முழுதாக மூடிக்கொள்கிறார். படபடப்பு எப்போது போனது என்று தெரியவில்லை, வீட்டுக்குக் கிளம்பும்போது இல்லை. அதற்குப் பிறகு கனவுகள் காலையில் நிறைய நினைவிருக்கின்றன, முகங்களோடு. ஒரு கனவில் தழும்பு இருக்க வேண்டிய புருவத்தில் அது இல்லை. “நீங்கள் அவர் இல்லையே” என்றேன். சொன்ன உடனே தெரிந்துவிட்டது.

பின்னிரவு

இரண்டையும் ரசித்துப் படித்தேன். ஆனால் கூட்டத்துக்குப் போன இரவிலேயே கனவு வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மது அருந்தினால் முன்னிரவில் ரெம் உறக்கம் குறைகிறது, பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகிறது. லேட்டாகப் படுத்து அலாரத்துக்கு எழுந்தால், ரெம் அதிகமாக வரும் விடியற்காலை நேரத்தைத்தான் வெட்டுகிறோம். நான் கொண்டாட்ட இரவில் நன்றாகத் தூங்கிவிடுவேன். அடுத்த இரவில்தான் முயற்சி.

முயற்சி என்றால், சுமார் ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி படுக்கும்போது “அடுத்த கனவில் இது கனவு என்று நினைவுவரும்” என்று மனதாரச் சொல்லிக்கொள்வது. ஸ்டீபன் லாபெர்ஜ் உருவாக்கிய மைல்ட் முறை இது. இங்கே கூட்டம் உதவுகிறது. முந்தைய நாள் பார்ட்டிக் காட்சியையே கண்ணுக்குள் ஓட்டி, அதில் நான் சுதாரித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டே தூங்குவேன். டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் ரியாலிட்டி செக், இடையில் எழுவது, மைல்ட் மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியில் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. மைல்டை முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது ஏறக்குறைய 46 சதவீதம். ரியாலிட்டி செக் மட்டும் செய்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

அப்புறம் ஒன்று. சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லை போலத் தோன்றும் தொந்தரவு ஏற்கெனவே இருப்பவர்கள் “இது கனவா?” என்ற கேள்வியைக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம். சாளரம் சொன்ன வழி அவர்களுக்குப் பொருந்தும்: பாதம், முகம், குரல். தொந்தரவு அதிகமானால் மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

மூன்றாம்சாமம்

எனக்குச் சொந்த அனுபவம் அதிகம் இல்லை, ஒரு தகவல் மட்டும். 2021-இல் கேரன் கொன்கோலி குழுவினர் நாலு நாடுகளில் 36 பேரிடம், அவர்கள் ரெம் உறக்கத்தில் இருக்கும்போதே கேள்வி கேட்டு, அவர்களில் சிலரிடமிருந்து கண் அசைவாலும் முக அசைவாலும் பதில் வாங்கினார்கள். ஒருவர் 8-இலிருந்து 6 போக எவ்வளவு என்பதற்குக் கண்ணை அசைத்து 2 என்றார். இன்னொருவருடைய கனவு, நண்பர்களோடு ஒரு பார்ட்டி! வெளியிலிருந்து வந்த ஆய்வாளரின் குரலைக் கேட்டு, பதில் கொடுத்துவிட்டு, பார்ட்டிக்கே திரும்பிப் போயிருக்கிறார். இங்கே பேசுவதும் அதேதான் என்று தோன்றியது. விழித்திரை, ஒரு சந்தேகம். இப்படிச் செய்துகொண்டே இருந்தால் கூட்டத்தின் சந்தோஷம் போய்விடாதா?

விழித்திரை

போகாது. நான் ஓயாமல் செய்வதில்லை. வாசலைத் தாண்டும்போது, பெயரைக் கூப்பிடும்போது, விடைபெறும்போது, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சிரிப்பும் பேச்சும்தான். சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகவே சிரிக்கிறேன், ஏனென்றால் யார் என்ன சொன்னார்கள் என்று காதில் விழுகிறது. பின்னிரவு சொன்ன அடுத்த இரவு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். நடனமாடும்போது இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். உடம்பு வேகமாக அசைந்து மூச்சு வாங்கும்போது மூக்கை மூடிப் பார்ப்பது சரிப்படுமா, இல்லை அங்கே எழுத்தைப் படிப்பதுதான் வழியா?