கையில் 4,000 ரூபாய் இருக்கிறது: பிபி பார்க்க ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா?

தண்டையார்பேட்டை தையல்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. வயது 44. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறேன். காலை 9 மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் கட்டிங் டேபிளுக்கும்தான் எழுந்திருப்பேன். முகூர்த்த நாட்கள் வந்தால் இரவு 10 ஆகிவிடும். முன்பு கால் மெஷின். இப்போது மோட்டார் போட்டுவிட்டார்கள், காலுக்கு இருந்த அந்த வேலையும் போய்விட்டது.

போன மாதம் மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து வரும் அக்கா எங்கள் பிளாக்கில் வீடு வீடாகப் பிபி பார்த்தார். எனக்கு 152/96. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே 148/94. சுகர் இல்லை. டாக்டரம்மா உடனே மாத்திரை எழுதவில்லை. உப்பைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், மூன்று வாரம் கழித்து வாருங்கள், பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் எங்கள் நைனா. காசிமேட்டில் ஐஸ் இறக்கும் வேலை செய்தார். 52 வயதில், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் முழுக்க வாயு என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிபி இருந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது சீட்டு எடுத்ததில் 4,000 ரூபாய் கையில் இருக்கிறது. என் தம்பி 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டியிருக்கிறான். பிபி, ஆக்சிஜன், நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாம் காட்டுகிறது. அவனுக்கு எப்போது பார்த்தாலும் பிபி நார்மல். ஒரு மொபைல் கடையில் கேட்டபோது இன்னும் கொஞ்சம் போட்டால் சுகரும் காட்டும் என்றார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகளும் வாங்கு, வாங்கு என்கிறாள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அதில் வரும் பிபியை நம்பலாமா? நைனாவுக்கு வந்ததுபோல எனக்கு வருமுன் அது சொல்லுமா?

ராயபுரம் நர்ஸ் அம்மா:

தங்கச்சி, 30 வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ‘முடியாது’ என்பதுதான். ஆனால் அந்த 4,000 ரூபாயில் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும்.

பிபி மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். மேல் கையில் கட்டும் பட்டை காற்றால் உப்பி, ரத்தக் குழாயை ஓட்டம் நிற்கும்வரை அமுக்குகிறது. பிறகு மெதுவாக விடும்போது ரத்தம் எந்த அழுத்தத்தில் திரும்ப ஓடுகிறது என்று பார்க்கிறது. அதாவது அழுத்தத்தை அழுத்தியே அளக்கிறது. வாட்சுக்கு அடியில் எரிவது பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை எண்ணி நாடித்துடிப்பைச் சொல்லிவிடலாம். அழுத்தம் எவ்வளவு என்று அந்த வெளிச்சத்துக்கு எப்படித் தெரியும்? மலிவு வாட்சில் வருவது கணக்குப் போட்டுச் சொல்லும் ஊகம். விலை உயர்ந்த ஒரு கம்பெனி வாட்சில் பிபி வசதி இருக்கிறது. அதற்கே நாலு வாரத்துக்கு ஒருமுறை பட்டை மெஷினில் அளந்து அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது பிபி காட்டாது.

சுகர் பற்றிச் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. தோலில் ஊசி படாமல் சுகர் அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒன்றுக்குக்கூட அதுவரை அவர்கள் அனுமதி கொடுத்ததில்லை. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக் குறைத்தால் உயிர் போகும்.

அதனால் மேல் கையில் கட்டும் டிஜிட்டல் பிபி மெஷின் வாங்குங்கள். 2,000 ரூபாய்க்குள் நல்லதே வரும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டையின் அளவு முக்கியம், அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, டேப் உங்கள் கழுத்திலேயே தொங்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுங்கள். பெட்டியில் 22-32 சென்டிமீட்டர் என்பதுபோல் போட்டிருக்கும். உங்கள் கை அதற்குள் அடங்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும்.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்வந்து, காபி குடிக்கும் முன் பாருங்கள். 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும், அளக்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாலையிலும் அப்படியே. ஏழு நாள் நோட்டில் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்தான். டாக்டரம்மாவுக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.

இரண்டாவது கேள்வி. மாரடைப்பை எந்த வாட்சும் முன்னாலேயே சொல்லாது. ஈசிஜி வசதியோடு விற்கும் கம்பெனியே மாரடைப்பை இது கண்டுபிடிக்காது என்று எழுதித்தான் கொடுக்கிறது. உங்கள் நைனா முந்தின நாள் வாயு என்று எண்ணியதே மாரடைப்பின் அறிகுறியாக இருந்திருக்கலாம், எத்தனையோ வீட்டில் அப்படித்தான் நடந்தது, நானே பார்த்தேன். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி, வியர்வை வந்தால் 108. பெண்களுக்கு வெறும் மூச்சுத் திணறலும் குமட்டலும் காரணமில்லாத அசதியுமாகக்கூட வரும். சோடா வாங்கிக் கொடுத்து நேரம் கடத்த வேண்டாம்.

கருவாடும் ஊறுகாயும் உங்கள் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, எங்கள் பக்கத்து வீடுகளில் நன்றாகவே ஓடும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது.

வியாசர்பாடி கோல்கீப்பர்:

அக்கா, அம்மா சொன்னபடி முதலில் பிபி மெஷின்தான். ஆனால் வாட்சே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங் கொடுக்கிறேன், மூன்று வருடமாக வாட்ச் கட்டுகிறேன்.

நாடித்துடிப்பில் நன்றாகவே உதவுகிறது. ஓய்வாக இருக்கும்போது எனக்கு 78 இருந்தது. ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு ஐந்து மாதத்தில் 66க்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் விடாமல் ஓடினேன். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் மேலே ஏற்றி, ஆடாமல் கட்ட வேண்டும். தொளதொள என்று கிடந்தால் உளறும்.

எவ்வளவு கலோரி செலவானது என்று வாட்ச் காட்டுவதை நம்ப வேண்டாம். 2017ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லிவிட்டன. கலோரியில் இருந்ததிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது.

நீங்கள் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி என்றீர்கள். தண்ணீர் கீழேயிருந்துதானே தூக்குகிறீர்கள்? வாட்ச் ஸ்டெப்ஸ் எண்ணுவது கை வீச்சை வைத்து. இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு மாடி ஏறும்போது கை அசையாது, அதில் பாதிகூட ஏறாது. அதையே துணியைத் தேய்க்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே நடந்ததாகக் கணக்கு வந்தாலும் வரும். என் அம்மாவுக்கு என் வாட்சைக் கட்டிவிட்டு ஒருநாள் முழுக்கப் பார்த்தேன். எட்டுக் குடம் தூக்கினாள், தரை துடைத்தாள், மார்க்கெட் போய்வந்தாள். என் வாட்ச் அவளைச் சோம்பேறி என்றது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

10,000 ஸ்டெப்ஸ் போகவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் 1965ல் ஜப்பானில் நடையை எண்ணும் கருவி ஒன்றை விற்றார்கள். அதன் பெயர் ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம். அந்தப் பெயரோடு பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். இதற்கு வாட்ச் வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும். போனும் ஸ்டெப்ஸ் எண்ணும், பையில் இருந்தால் சரி.

வீட்டிலிருந்து எம்.சி. ரோடு வரை ஷேர் ஆட்டோவா அக்கா? ஒரு வழி நடந்துவிடுங்கள். மிச்சப் பணத்தில் ஷூ வாங்குங்கள், செருப்போடு வேகமாக நடந்தால் குதிகால் போய்விடும்.

எர்ணாவூர் நைட் ஷிப்ட்:

என் அனுபவத்தையும் சொல்கிறேன் அம்மா. எனக்கு 58 வயது. வெளியூரில் இருக்கும் மகன் ஈசிஜி எடுக்கும் வாட்ச் ஒன்றைக் கொடுத்தான், விலை 20,000க்கு மேல். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது நாடித்துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்டியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வலி இல்லை, படபடப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் முழு ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தின் மேல் அறை தாறுமாறாகத் துடிக்கிறது என்றார்கள். கவனிக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாமாம். இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த வாட்ச் என்னைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன்.

ஆனால் அது பார்த்தது துடிப்பின் ஒழுங்கை மட்டும். என் பிபியைச் சொன்னதில்லை. 4,000 ரூபாய் வாட்சில் அந்த ஈசிஜியை எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, முதல் இரண்டு மாதம் ராத்திரியில் எழுந்து எழுந்து மணிக்கட்டைப் பார்த்தேன். தூக்கம் கெட்டுப்போனது. பயந்த மனசுக்கு வாட்ச் கட்டும் முன் யோசியுங்கள்.

தண்டையார்பேட்டை தையல்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கணும். வாட்ச் வாங்கவில்லை. டி.எச். ரோட்டில் ஒரு மெடிக்கலில் 1,950 ரூபாய்க்கு மெஷின் வாங்கினேன். கைச் சுற்றளவு 31, பட்டைக்குள் சரியாக வந்தது. ஷூ 850. போகும்போது நடக்கிறேன், 28 நிமிடம். திரும்பும்போது இருட்டிவிடுவதால் ஷேர் ஆட்டோதான்.

ஏழு நாள் எழுதினேன். முதல் நாளை விட்டுச் சராசரி 141/90. காலையில் கூடுதல், சாயங்காலம் கொஞ்சம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். என் கையில் மெஷினைக் கட்டினால் 146/93. உடனே அவன் வாட்சைக் கட்டிப் பார்த்தால் 119/78. சந்தேகம் வந்து, வீட்டில் தைக்க எடுத்துவந்திருந்த வெள்ளை லைனிங் துணிச் சுருளில் வாட்சைக் கட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரம் சுற்றியது, 117/76 என்றது. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசவிடாமல், அவன் கையில் பட்டையைக் கட்டினேன். 158/100. இன்னொரு தடவை பார்த்தோம், 154/98. அவனுக்கு 39 வயது. எட்டு மாதமாகத் தினமும் மணிக்கட்டைப் பார்த்து நார்மல் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். நைனாவின் நினைவு இரண்டு பேருக்குமே வந்தது, யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நோட்டோடு டாக்டரம்மாவிடம் போகிறேன். அவனும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறான்.

நர்ஸ் அம்மா, ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் டைனிங் டேபிள் கிடையாது. பழைய கால் மெஷினின் பலகை மேல் கையை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். அந்த உயரம் சரியா? என்னைப் பெற்ற அம்மாவுக்குப் பார்க்கும்போது அவர் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்.

ராயபுரம் நர்ஸ் அம்மா:

மெஷின் பலகை தாராளமாகப் போதும். பட்டை உங்கள் நெஞ்சின் நடு உயரத்துக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தாழ்ந்தால் பிபி கூடும், உயர்ந்தால் குறையும். தாழ்வாக இருந்தால் மடித்த துணி இரண்டை அடியில் வையுங்கள். அம்மாவையும் நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள், சம்மணம் வேண்டாம்.

தம்பியை வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வைக்காதீர்கள். நாளைக் காலையே கூட்டிப் போங்கள்.