காது மெஷினில் ‘உஸ்ஸ்’ இரைச்சல்: மைக் மட்டும் மாற்றினால் போதுமா?

காதுக்குப் பின்னால் மாட்டும் இரட்டை மைக் மெஷின், 312 பேட்டரி. அமைதியான அறையில் ‘உஸ்ஸ்’ என்று இரைகிறது, யாராவது பேசினால் மறைகிறது. மைக் துளைகளைப் புட்டியால் அடைத்தும் குறையவில்லை. ஆக, வெளிச்சத்தம் இல்லை. மென்பொருளில் மைக்கை மட்டும் ம்யூட் செய்தால் அடங்குகிறது, அதனால் ரிசீவர் (காதுக்குள் ஒலி தரும் குட்டி ஸ்பீக்கர்) மீது சந்தேகமில்லை.

எக்ஸ்பான்ஷனை (மிக மெல்லிய சத்தங்களை அதிகம் பெருக்காமல் அடக்கும் அமைப்பு) அணைத்து, டெஸ்ட் பாக்ஸில் (மெஷினைச் சோதிக்கும் ஒலிப்பெட்டி) அளந்தால் உள்ளீட்டு இரைச்சல், அதாவது மெஷினின் சொந்த இரைச்சல், 34 டெசிபல். டேட்டா ஷீட்டில் 27. மூன்று கூடினால் விட்டுவிடலாம், ஏழு ரொம்ப அதிகம். டைரக்‌ஷனல் மோடில், அதாவது முன்னால் இருந்து வரும் சத்தத்தையே அதிகம் எடுக்கும் நிலையில், இன்னும் ஏறுகிறது (தாழ்ந்த அலைவரிசைக்குக் கெயின், அதாவது பெருக்கம், கூட்டுவதால் அது இயல்புதான்). சிலிகா ஜெல் டப்பாவில் இரவு முழுக்க வைத்தும் பலனில்லை.

எக்ஸ்பான்ஷன் தொடங்கும் அளவை 45க்கு ஏற்றினால் இரைச்சல் போகும், மெல்லிய பேச்சும் சேர்ந்து போகும். அது வேண்டாம். மைக் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: ஒன்றை மட்டும் மாற்றலாமா, பொருத்தம் பார்த்த ஜோடியாகத்தான் போட வேண்டுமா?