அகூஸ்டிக் கிட்டாருக்கு மெல்லிய பிக்கா, தடித்த பிக்கா?

புதுவிரல்: பாடுபவருக்குத் துணையாக கிட்டார் வாசிக்கிறேன். பெரும்பாலும் ஸ்ட்ரம்மிங்தான் (பல தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டுவது), இடையிடையே சிறு மெட்டுகளைத் தனித்தந்தியில் வாசிக்கவும் வேண்டியிருக்கிறது. கையிலிருப்பது 0.46 மி.மீ. நைலான் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு). தனித்தந்தி ஓசையில் வலுவே இல்லை. எதற்கு மாறலாம்?

மரப்பெட்டி: 1.5 மி.மீ. வாங்குங்கள். மெல்லிய பிக் தந்தியில் பட்டதும் வளைந்துகொள்கிறது. கை கொடுக்கும் விசையில் ஒரு பங்கு அந்த வளைவிலேயே போய்விடுகிறது. தடித்த பிக்கில் மணிக்கட்டின் அசைவு அப்படியே தந்திக்குப் போய்ச் சேரும். புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) கலைஞர்கள் அகூஸ்டிக் கிட்டாரில் அத்தனை வேகமாகத் தனித்தந்தி வாசிக்கிறார்களே, அவர்களில் பெரும்பாலோர் தடித்த பிக்கைத்தான் விரும்புகிறார்கள்.

ஆறுதந்தி: கேட்டவர் வாசிப்பது புளூகிராஸ் அல்ல, பாட்டுக்குத் துணை. அவர் 1.5-ஐ வைத்து ஸ்ட்ரம் செய்தால் தடித்த தந்திகள் ஓங்கி ஒலித்துப் பாடுபவரின் குரலை அமுக்கிவிடும். மெல்லிய பிக் தரும் பளிச்சென்ற ஓசை குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். மேலும், கை இன்னும் பழகாதவருக்குத் தடித்த பிக் தந்திக்குத் தந்தி இடறும்.

மரப்பெட்டி: இடறுவதற்குக் காரணம் பிடி. இறுக்கிப் பிடித்தால் எந்த பிக்கும் இடறத்தான் செய்யும். நுனி மட்டும் சிறிது வெளியே தெரியும்படி தளர்வாகப் பிடியுங்கள். கீழ்வீச்சில் நுனி சற்று மேல்நோக்கியும், மேல்வீச்சில் சற்று கீழ்நோக்கியும் சாய்ந்திருந்தால் பிக் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பழக்கம் வராமல் போவதே மெல்லிய பிக்கால்தான். கை இறுகியிருப்பதை அது மறைத்துவிடுகிறது. அதோடு, அது தந்தியில் படும் 'டிக் டிக்' சத்தமும் மைக்கில் விழுகிறது.

ஆறுதந்தி: விழட்டுமே! தாளக்கருவி இல்லாத பாட்டில் அந்தச் சத்தம்தானே தாளம்? அதை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்?

ஒலித்துளை: இருவரும் தடிமனை மட்டுமே பேசுகிறீர்கள். ஒரே 0.73 மி.மீ. என்றாலும், நைலான் எளிதில் வளையும். முன்பு பிக் செய்யப் பயன்பட்ட அழுங்காமை (ஒரு கடலாமை) ஓட்டுக்கு மாற்றாக வந்த செல்லுலாய்டு என்னும் பிளாஸ்டிக் விறைப்பாக நிற்கும். (1970களில் சைட்டிஸ் என்னும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை அந்த ஓட்டின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது; மிக நல்ல காரியம்.) விளிம்பும் முக்கியம். பிக்கைத் திருப்பி, கூர்நுனிக்குப் பதிலாக உருண்ட தோள்பக்கத்தால் வாசித்துப் பாருங்கள். அதே பிக்கில் ஓசை கனிந்து வரும். புதுவிரல், உங்களுக்கு நான் சொல்வது 0.73 செல்லுலாய்டு. ஸ்ட்ரம்மிங்குக்கு நுனி, தனித்தந்திக்குத் தோள்.

மரப்பெட்டி: தோள் யோசனையை ஏற்கிறேன். ஆனால் பாட்டின் நடுவே பிக்கைத் திருப்ப நேரம் ஏது? பிடியைச் சரிசெய்துகொண்டு, குறைந்தது 1 மி.மீ.க்காவது வாருங்கள்.

புதுவிரல்: கையிலிருக்கும் நைலானையே திருப்பி வாசித்துப் பார்த்தேன், 'டிக்' சத்தம் குறைகிறது, வலு மட்டும் கூடவில்லை. 0.73, 1.0 இரண்டையும் செல்லுலாய்டிலேயே வாங்குகிறேன். தடிமன் ஒன்றுதான் வேறுபடும் என்பதால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

ஆறுதந்தி: ஒப்பிடும்போது பாடுபவரையும் பக்கத்தில் பாடச் சொல்லுங்கள். கிட்டாரை மட்டும் கேட்டால் தடித்த பிக்தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.