‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’: உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

இரவுஷிப்ட்:
வெள்ளிக்கிழமை ராத்திரி, சென்னை டீம் போட்ட டிக்கெட், அதாவது கோளாறைப் பதிந்து அனுப்பும் குறிப்பு. சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, கீழே ஒரே வரி, ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’, ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்று. பழைய லாகை (சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவுகளை) அழிக்கச் சொல்கிறார்களா, இடத்தைக் கூட்டச் சொல்கிறார்களா? அமெரிக்க கிளையண்ட் குழம்பிப்போய் அதிலேயே ‘விச் நீட்ஃபுல்?’ என்று கேட்டார். அதற்கு நம்மாள் போட்ட பதில் இருக்கிறதே, ‘கைண்ட்லி டூ த சேம்’, தயவுசெய்து அதையே செய்யுங்கள் என்று. இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பழையலெட்ஜர்:
அதற்காக அது தப்பான இங்கிலீஷ் என்று ஆகிவிடாது. வெள்ளைக்காரனே ஒரு காலத்தில் வியாபாரக் கடிதத்தில் எழுதியதுதான், அவன் விட்டுவிட்டான், நாம் விடவில்லை, அவ்வளவுதான். ‘த நீட்ஃபுல்’ என்றால் அவன் கொச்சையில் பணம் என்றே ஒரு அர்த்தம் உண்டு. கோவையில் நான் கணக்கு பார்த்த பம்ப்செட் உதிரிபாகக் கம்பெனியில், பில்லோடு அந்த வரி போனால் செக் அனுப்பு என்று எல்லா பார்ட்டிக்கும் புரியும். புதிதாக வந்த மேனேஜர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘ரிலீஸ் த பேமெண்ட்’ என்று மாற்றச் சொன்னார். கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே ஈரோட்டுப் பார்ட்டி போன் போட்டு, “என்னங்க, முதலாளிக்கு எம்மேல ஏதாவது கோபமா?” என்றார்.

மனுக்காகிதம்:
இங்கிலீஷை மட்டும் ஏன் சொல்கிறீர்கள், ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ வேறென்ன? கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் மனு இரண்டு பக்கம். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வரை எல்லாம் இருக்கிறது. அதிகாரி கடைசி வரி வரை பார்த்துவிட்டு, “பட்டா மாத்தணுமா, நிலத்தை அளக்கணுமா?” என்கிறார். பெரியவர், “அதான் எழுதியிருக்குங்களே ஐயா” என்கிறார். இரண்டு பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோடுகாரன்:
எங்கள் பக்கம் ‘ரிவர்ட்’. நாம் பதில் தருகிறேன் என்று சொல்ல அதைப் போடுகிறோம், அவர்களுக்கு அது பழையபடி மாற்றுவது. புது சாஃப்ட்வேர் கோடு பற்றிக் கேட்ட மெயிலுக்கு ஒருத்தன் ‘ஐ வில் ரிவர்ட் டுமாரோ’ என்று அனுப்ப, போட்ட கோடை நாளைக்குத் திரும்ப எடுக்கப்போகிறான் என்று அமெரிக்க மேனேஜர் பதறிப்போய்க் கூப்பிட்டார். சரி, அது போகட்டும். மெயில் எழுதும்போது யார், எதை, எப்போதுக்குள், இந்த மூன்றையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். ‘30 நாளுக்கு முந்தைய லாகை நாளை காலை 8 மணிக்குள் அழிக்கவும்’ என்றால் எதிர்க்கேள்வியே வராது. அழிக்கலாமா என்று தெரியாவிட்டால் அதையே கேள்வியாகக் கேளுங்கள், ‘நீட்ஃபுல்’லுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். மரியாதைக்கு ஒரு ப்ளீஸ் போதும், அதன்மேல் ‘கைண்ட்லி’யையும் ஏற்றாதீர்கள். பதிலுக்கு ‘ரிப்ளை’ என்றே எழுதலாம், அட்டாச்மெண்ட் இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

பழையலெட்ஜர்:
கோடுகாரன் தம்பி, ‘நாளை காலை 8 மணிக்குள்’ என்று ஈரோட்டுக்கு எழுதிப்பாருங்கள். செக் வரும், அடுத்த ஆர்டர் வராது.