அலேதெயா: சத்தியமா, உண்மையா, வாய்மையா, மெய்யா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

யோவான் நற்செய்தி விளக்கநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கலைச்சொல் பட்டியலில் 'அலேதெயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மட்டும் நேர்ச்சொல் முடிவாகவில்லை. பழைய மொழிபெயர்ப்பில், இயேசுவை விசாரிக்கும் ரோம ஆளுநன் பிலாத்து "சத்தியமாவது என்ன" என்கிறான் (18:38), 1995இல் வந்த திருவிவிலியத்தில் "உண்மையா? அது என்ன?" என்கிறான். சத்தியம் என்றால் மாணவர்கள் ஆணையிடுவதை நினைக்கிறார்கள்; உண்மை என்றால் நடந்த செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். நூல் முழுவதற்கும் ஒரே சொல் வேண்டும்.

மறுமொழி:
ஐயா, வாய்மை இருக்க வடசொல் எதற்கு? "வாய்மை எனப்படுவது யாதெனின்" என்று பிலாத்தின் கேள்வியை வள்ளுவரே கேட்டிருக்கிறார். பிலாத்து விடைக்கு நிற்காமல் வெளியே போனான். வள்ளுவர் விடை சொன்னார்.

மறுமொழி:
அடுத்த குறளையும் பாருங்கள். "பொய்மையும் வாய்மை யிடத்த", நன்மை பயக்குமானால். வள்ளுவரின் வாய்மை சொல்லுக்குரிய அறம். யோவானிலோ ஒருவர் தம்மையே அலேதெயா என்கிறார் (14:6). என் வாக்கு 'மெய்'க்கு. வார்த்தை மாம்சமான அதே வசனத்தில்தான் (1:14) கிருபையும் சத்தியமும் வருகின்றன. உடலையும் உண்மையையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழ். இயேசு யோவானில் 25 முறை இரட்டித்துச் சொல்லும் 'ஆமென் ஆமென்' பழைய மொழிபெயர்ப்பில் 'மெய்யாகவே மெய்யாகவே'. அந்த ஆமெனும் உண்மையைக் குறிக்கும் எபிரேய 'எமெத்'தும் ஒரே வேரில் பிறந்தவை.

மறுமொழி:
"நானே வழியும் மெய்யும் உயிரும்" என்று எழுதினால் வகுப்பில் எழுத்திலக்கணம் நடப்பதாகத்தான் கேட்கும்.

மறுமொழி:
கேட்கட்டுமே! "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்" என்கிறது தொல்காப்பியம். மெய்யை உயிரே இயக்குகிறது. யோவானுக்கு இதைவிட நல்ல உரை ஏது? ஆனால் வேரைப் பார்த்தால் அலேதெயா மறைவின்மை. 'மறைவிலி' என்று புதிதாகவே ஆக்கலாம்.

மறுமொழி:
மறைவிலி யாருக்குப் புரியும்? "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களிடம் இனி வேறு சொல் கேள் என்று எப்படிச் சொல்வது? தூய்மை பார்த்து வாசகரை இழக்காதீர்கள்.

மறுமொழி:
ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டோம். 18:37இல் இயேசு சொல்லும் அலேதெயாவுக்கு முன் கிரேக்கச் சுட்டிடைச்சொல் (ஆங்கில 'the' போன்றது) உண்டு. பிலாத்தின் வாயில் அது இல்லை. அவர் குறித்தது ஒன்று, இவன் கேட்டது பொதுவாக ஏதோ ஒன்று. அவருக்கு மெய், இவனுக்கு உண்மை என்று பிரித்தால் என்ன?

மறுமொழி:
மூலத்தில் ஒரே சொல். பிரித்தால் மொழிபெயர்ப்பவரே உரைகாரர் ஆகிவிடுகிறார். உள் என்ற வேரில் பிறந்த உண்மைக்கு 'உள்ள தன்மை' என்றே பொருள். அது போதும்.

இழை தொடங்கியவர்:
ஒருமித்த முடிவு வரவில்லை; கடைசியில் சொன்ன உண்மையே போதும் என்று தோன்றுகிறது. பட்டியலில் அதையே இடுகிறேன். 1:14இன் அடிக்குறிப்பில் மெய் வரும்.

மறுமொழி:
எனக்கு உடன்பாடில்லை. 'உண்மை' என்று வைத்தால் பிலாத்து வழக்கின் விவரத்தை விசாரிப்பதாகவே மாணவர் படிப்பார். 18:38க்கும் அந்த அடிக்குறிப்பைச் சேருங்கள்.